கடலை மாவு எங்கெல்லாம் கலந்திருக்கிறது: மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கான பருப்பு மாவு ஒவ்வாமை வழிகாட்டி

பொட்டலத்தின் பின்புறத்தில் ஒவ்வாமைப் பொருட்களைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கும் வரியை மட்டும் பார்த்துவிட்டு, கடலை மாவு ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு ஒரு தின்பண்டத்தைக் கொடுப்பது பாதுகாப்பானதன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள் அந்த வரியில் கட்டாயம் குறிப்பிடச் சொல்பவை பசையப் புரதம் உள்ள தானியங்கள், நண்டு இறால் வகைகள், பால், முட்டை, மீன், நிலக்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்பைட் ஆகியவை. பருப்புக் குடும்பத்திலிருந்து இந்தப் பட்டியலில் இடம்பெற்றவை நிலக்கடலையும் சோயாவும் மட்டுமே. கொண்டைக்கடலை, பட்டாணி, மைசூர்ப் பருப்பு, உளுந்து, பாசிப்பயறு, வெந்தயம் ஆகிய எதுவும் அதில் இல்லை. ஆகவே பேசன் எனப்படும் கடலை மாவு நிறைந்த சேவ் பொட்டலத்தில் அந்த எச்சரிக்கை வரி காலியாக இருந்தாலும் சட்டப்படி குற்றமில்லை.

மும்பையில் இது சிறிய சிக்கலன்று. வடாபாவின் மேலுறை, பேல்பூரியின் சேவ், மிசளின் மேலே தூவும் பர்சாண், டோக்ளா, பஜியா, கோத்திம்பிர் வடி, ஆளு வடி, பேசன் லட்டு என்று கண்ணுக்குத் தெரிந்தே கடலை மாவு வருபவை ஒருபுறம் இருக்க, தெரியாமல் வருபவையே ஆபத்தானவை. மாதுங்கா, தாராவி, செம்பூர், முலுண்டு, ஆண்டாப் ஹில் பகுதிகளில் வாழும் நம்மவர் வீட்டுச் சமையலில் பொட்டுக்கடலையும் உளுந்தும் வெந்தயமும் வேறு சேர்ந்துகொள்கின்றன. மருத்துவரிடம் ஒவ்வாமையை உறுதிசெய்துகொண்ட பிறகு வீட்டிலும் வெளியிலும் அன்றாடம் செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

முதல் படி: எந்தப் பருப்பு என்று உறுதிசெய்தல்

‘பருப்பு ஒவ்வாமை’ என்ற பொதுப்பெயரோடு நின்றுவிடக் கூடாது. விதைகளில் சேமித்து வைக்கப்படும் புரதங்களே இந்த ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம். அவை ஒரு பருப்புக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஓரளவு ஒத்த அமைப்பு உடையவை என்பதால், இரத்தத்தில் ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்க்கும்போதோ தோலில் குத்திச் சோதிக்கும்போதோ பல பருப்புகளுக்கு ஒரே நேரத்தில் ‘பாசிட்டிவ்’ என்று வருவது வழக்கம். அப்படி வந்த பலரும் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தொல்லையின்றி உண்ணக்கூடியவர்களே. சோதனைத் தாளை மட்டும் பார்த்து எல்லாப் பருப்புகளையும் நிறுத்திவிட்டால், சைவக் குடும்பத்துக் குழந்தைக்குப் புரதம் கிடைக்கும் முக்கிய வழியே அடைபட்டுவிடும். பருப்பை அறியாமல் உண்ணும் ஆபத்துக்கு அடுத்தபடியாக நான் அஞ்சுவது, தேவையில்லாமல் எல்லாவற்றையும் விலக்கி வைக்கும் இந்தப் பழக்கத்தைத்தான்.

பொதுவாகக் காணப்படும் உறவுகள் இவை. கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, பட்டாணி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்ற இரண்டையும் மருத்துவர் சொல்லும்வரை கொடுக்கக் கூடாது. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களில் ஒரு பகுதியினருக்கு, ஐரோப்பிய பேக்கரிப் பண்டங்களில் சேரும் லூபின் என்ற பருப்பின் மாவும் ஆகாது. சிலருக்கு வெந்தயமும் ஆகாது. ஆனால் நிலக்கடலை ஆகாதவர்களில் பெரும்பாலோர் துவரையையும் பாசிப்பருப்பையும் உண்கிறார்கள்.

உண்டு சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, இருமல், மூச்சிரைப்பு ஆகியவை தோன்றினால் அது ஐஜிஇ வழி ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். ராஜ்மா தின்றபின் வயிறு உப்புவது ஒவ்வாமை அன்று. கைக்குழந்தைகளில் மட்டும் இன்னொரு வகை உண்டு: சோயா போன்ற உணவைத் தந்து 1 முதல் 4 மணி நேரம் கழித்துக் கடும் வாந்தி வந்து குழந்தை துவண்டுபோகும், அதில் ஐஜிஇ சோதனை ஒன்றுமில்லை என்றே காட்டும். ‘உணவு ஒவ்வாமைப் பேனல்’ என்ற பெயரில் ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்த்து நூறு உணவுகளுக்குத் தடை எழுதித் தரும் பரிசோதனைகளுக்குப் பணம் கட்ட வேண்டாம். ஐஜிஜி என்பது அந்த உணவை நாம் உண்டிருக்கிறோம் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. ஐயம் தீராதபோது, மருத்துவமனைக் கண்காணிப்பில் சிறிது சிறிதாக உண்ணக் கொடுத்துப் பார்க்கும் சோதனையே முடிவான விடை தரும்.

இரண்டாம் படி: இங்குள்ள பெயர்களை அறிதல்

கடலைப் பருப்பு மராத்தியில் ஹர்பரா டாள், இந்தியில் சனா தால். அதன் மாவு பேசன். மராத்தி வீடுகளில் ‘டாளீச்ச பீட்’ என்பார்கள். வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த மாவுக்கு ‘சத்து’ என்று பெயர். பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தோர் வாழும் பகுதிகளில் சர்பத்தாகவும் இது விற்கப்படும். மற்றவற்றின் மராத்திப் பெயர்கள்: பட்டாணி வாட்டாணா, நரிப்பயறு மட்கி, கொள்ளு குளீத், தட்டைப்பயறு சவ்ளி, மொச்சை வகை வால், உளுந்து உடித், பாசிப்பயறு மூக், வெந்தயம் மேத்தி. நிலக்கடலை சேங்தாணா, அதை வறுத்துப் பொடித்தால் ‘தாண்யாச்ச கூட்’. இந்தக் கடைசிப் பெயரைத் தனியே நினைவில் வைக்க வேண்டும், ஏனெனில் மராத்திச் சமையலில் காய்கறி, தயிர்ப்பச்சடி, உசள் என்று பலவற்றிலும் இறுதியில் ஒரு கரண்டி கூட் விழும்.

‘டாளியா’ என்ற சொல் மளிகைக் கடையில் தவறான பொருளைக் கையில் கொடுத்துவிடும். குஜராத்திக் கடைக்காரரிடம் அது பொட்டுக்கடலை. இந்தி பேசுபவரிடம் உடைத்த கோதுமை. கடைக்குப் பெயர் சொல்லி ஆள் அனுப்புவதைவிடப் பொருளைக் கண்ணால் பார்த்து வாங்குவதே சரி.

மூன்றாம் படி: வீட்டுச் சமையலறையை ஆராய்தல்

தமிழ்ச் சமையலறையில் பருப்பு மாவு தனி டப்பாவில் மட்டும் இருப்பதில்லை. சாம்பார்ப் பொடியில் துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் வெந்தயமும், ரசப் பொடியில் துவரையும், இட்லி மிளகாய்ப் பொடியில் உளுந்தும் கடலைப் பருப்பும் இருக்கின்றன. குருமாவைக் கெட்டியாக்கப் பொட்டுக்கடலை அரைத்து விடுகிறோம். முறுக்கில் உளுந்து மாவு, தட்டையில் பொட்டுக்கடலை மாவு, அப்பளத்தில் உளுந்து. தாளிதத்தில் விழும் உளுத்தம் பருப்பும் கடலைப் பருப்பும் மாவாக இல்லாவிட்டாலும், அவை பொரிந்த எண்ணெய் முழுப் பொரியலிலும் பரவிவிடுகிறது. தட்டில் பருப்பை ஒதுக்கிவைத்துவிட்டு உண்பதால் பயனில்லை.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது குழந்தைகளுக்கான சத்துமாவு. ஊரிலிருந்து பாட்டி அரைத்து அனுப்பும் மாவிலும் கடையில் விற்கும் மாவிலும் கேழ்வரகு, கம்பு, சோளத்தோடு பொட்டுக்கடலை, பாசிப்பயறு, நிலக்கடலை, முந்திரி, சில வேளைகளில் சோயா என்று பத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் கலந்திருக்கும். குழந்தைக்கு முதன்முதலாகத் தடிப்பு வருவது இதனால் என்றால், எந்தப் பொருளால் என்று பிரித்தறியவே முடியாது. எனவே புதிய பருப்புகளைத் தனித்தனியாக, சில நாள் இடைவெளியில் அறிமுகப்படுத்திவிட்டு அதன் பிறகே கலவை மாவுக்குச் செல்வது நல்லது. ஒவ்வாமைக்கு அஞ்சி அறிமுகத்தையே தள்ளிப்போடவும் கூடாது. 2015இல் லண்டனிலிருந்து வெளிவந்த லீப் ஆய்வு, கடும் எக்ஸிமா (தோல் அழற்சி) அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த கைக்குழந்தைகளுக்கு 4 முதல் 11 மாத வயதில் நிலக்கடலையைக் கொடுக்கத் தொடங்கியபோது பின்னாளில் நிலக்கடலை ஒவ்வாமை பெருமளவு குறைந்ததைக் காட்டியது. அத்தகைய குழந்தைகளுக்கு மட்டும் மருத்துவரைக் கலந்துகொண்டு தொடங்க வேண்டும்.

குளியலறையையும் விட்டுவிடக் கூடாது. கடலை மாவும் பயத்தம் மாவும் கலந்த குளியல் பொடியைக் குழந்தைக்குத் தேய்ப்பது நம் வீடுகளில் இன்றும் உண்டு. வெடித்துச் சிவந்த தோலின் வழியே உணவுப் புரதம் உடலுக்குள் செல்வது ஒவ்வாமை உருவாகக் காரணமாகலாம் என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. எக்ஸிமா உள்ள குழந்தையின் மேல் பருப்பு மாவு எதையும் பூச வேண்டாம்.

தூய்மைக்குச் சோப்பும் தண்ணீரும் வேண்டும். சானிடைசர் புரதத்தை அகற்றாது. பருப்பு வேகும் ஆவியும், மாவு சலிக்கும்போது எழும் தூசியும் சிலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும் என்பதால், அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் பருப்பை வேகவைப்பதோ வீட்டிலிருந்து அதை முற்றிலும் விலக்குவதோ நோயின் கடுமையைப் பொறுத்து முடிவாக வேண்டும்.

நான்காம் படி: மாவு மில்

என் கருத்தில் மும்பைக் குடும்பங்கள் மிகுதியாகக் கவனிக்கத் தவறும் இடம் தெருமுனைச் சக்கி. கோதுமையை வாங்கிச் சுத்தம் செய்து நாமே அரைத்து வருகிறோம், இதில் என்ன கலந்துவிடப்போகிறது என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆனால் நமக்கு முன்னால் நின்றவர் தாலிபீட் ரொட்டிக்கான பாஜணி என்ற வறுத்த தானியக் கலவையை அரைத்திருந்தால், அதில் கடலைப் பருப்பும் உளுந்தும் உண்டு. கல்லிலும் புனலிலும் தங்கிய மாவு அடுத்து விழும் நம் கோதுமையோடு சேர்ந்தே பையில் இறங்கும்.

சில மில்களில் கோதுமைக்கு ஓர் இயந்திரம், பேசனுக்கும் மசாலாவுக்கும் மற்றொன்று என்று பிரித்து வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட மில்லைத் தேர்ந்தெடுத்தாலும், சலிக்கும் சல்லடையும் மாவு வழிக்கும் தூரிகையும் பொதுவானவையா என்று கேட்க வேண்டும். காலையில் கடை திறந்தவுடன் முதல் ஆளாகச் சென்று, நம் தானியத்தில் ஒரு கிலோவை அரைத்து ஒதுக்கிவிட்டு மீதியை எடுத்துக்கொள்வது கலப்பைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. மிகச் சிறு அளவுக்கே மூச்சுத் திணறல் வரும் நோயாளி இருக்கும் வீட்டில் சிறிய வீட்டுச் சக்கி வாங்கி, பருப்பே போடாமல் வைத்திருப்பதுதான் வழி. விலை கூடுதல்தான், ஆயினும் இந்த ஒரு செலவை வீண் என்று சொல்ல மாட்டேன்.

கலப்படம் தனிக் கதை. பேசனில் விலை குறைந்த மஞ்சள் பட்டாணி மாவைக் கலப்பது சந்தையில் பழைய வழக்கம். பட்டாணி ஒவ்வாமை உள்ளவர் ‘எனக்குக் கொண்டைக்கடலை ஒத்துக்கொள்ளும்’ என்ற மருத்துவச் சான்றோடு உதிரி பேசனை வாங்கிச் சாப்பிட்டால் சிக்கல் வரும். அவர் கடலைப் பருப்பை வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: பொட்டலத்தைப் படித்தல்

எச்சரிக்கை வரியை விடுத்து, மூலப்பொருள் பட்டியலை முதல் சொல்லிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டும். கொண்டைக்கடலை அங்கே பெயரோடு இருந்தாக வேண்டும். எனினும் அங்கும் இரண்டு ஓட்டைகள் உண்டு. மசாலாப் பொருட்களை ஒவ்வொன்றாக எழுதாமல் பொதுவாக ‘ஸ்பைசஸ் அண்ட் காண்டிமென்ட்ஸ்’ என்று குறிப்பிட விதி இடம் தருகிறது. வெந்தயம் அதற்குள் அடங்கிவிடும். மேலும், பல பொருட்கள் சேர்ந்த ஒரு கலவை மொத்த உணவில் 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால், அதற்குள் இருப்பவற்றைத் தனியே விவரிக்க வேண்டியதில்லை. சிப்ஸின் மேல் தூவும் மசாலா இப்படித்தான் மறைகிறது. ஐயம் இருந்தால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் பெற வேண்டும்.

ஐயத்தோடு பார்க்க வேண்டியவை: பல்தானிய ஆட்டா (சோயாவும் கொண்டைக்கடலையும் சேர்வது வழக்கம்), கோதுமைப் பசையம் இல்லாதவை என்று விற்கும் பிஸ்கட்டும் பாஸ்தாவும், முட்டையில்லாக் கேக், புரதப் பொடி, தாவரப் பாலும் தாவர இறைச்சியும் (பட்டாணிப் புரதமும் சோயாவும்), ரொட்டி (சோயா மாவு), நான்கட்டாய், சோன் பப்டி. கடைசி இரண்டும் மைதாப் பண்டங்களாகத் தோன்றினாலும் கடலை மாவும் சேர்பவை.

வெளிநாட்டிலிருந்து வரும் பிஸ்கட், வாஃபில், பாஸ்தா ஆகியவற்றில் லூபின் மாவு இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் லூபினும் ஒன்று; ஆஸ்திரேலியா 2017இல் அதைச் சேர்த்தது; அமெரிக்காவின் 9 பொருள் பட்டியலில் அது இல்லை. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர் துபாயிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் பெட்டியில் அந்தச் சொல்லைத் தேட வேண்டும்.

ஆறாம் படி: வெளியே உண்ணுதல்

‘இதில் பேசன் இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு, பரபரப்பான நேரத்தில் ‘இல்லை’ என்ற பதில் யோசிக்காமலேயே வந்துவிடும். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: எதில் தோய்த்துப் பொரித்தீர்கள், கெட்டியாவதற்கு என்ன கரைத்து விட்டீர்கள், உதிராமல் இருக்க எது சேர்த்தீர்கள், இந்த எண்ணெயில் இதற்கு முன் என்ன பொரிந்தது. மாதுங்கா மெஸ்ஸில் தமிழிலேயே கேட்கலாம்: “அண்ணா, பூரி மசாலாவுக்குக் கடலை மாவு கரைச்சு விட்டிருக்கீங்களா?” ஹோட்டல் பூரி மசாலா பல இடங்களில் அப்படித்தான் தயாராகிறது. மராத்திக் கடையில் “ஹ்யாத் டாளீச்ச பீட் கிங்வா கூட் ஆஹே கா?” என்று கேட்டால், பேசனையும் நிலக்கடலைப் பொடியையும் ஒன்றாக விசாரித்ததாகும்.

எதிர்பாராத இடங்களில் கடலை மாவு: தந்தூரிக் கோழியின் தயிர்க் கலவை (வறுத்த பேசன் சேர்ப்பார்கள்), சீக் கபாப் (உதிராமல் இருக்க), ஷாமி கபாப் (கடலைப் பருப்பே அடிப்படை), முட்டை சேராத ‘டொமேட்டோ ஆம்லெட்’, மோர்க்குழம்புக்கு நிகரான கடி, குடைமிளகாயில் மாவு தூவிச் செய்யும் காய். வடாபாவை உறையைப் பிய்த்துவிட்டு உண்ணலாம் என்று நினைப்பவர்கள், உள்ளே தடவிய காய்ந்த பூண்டுச் சட்னியில் நிலக்கடலை சேர்வதையும் அறிந்திருக்க வேண்டும். மலிவான காஜு கத்லியில் முந்திரிக்குப் பதில் நிலக்கடலை கலப்பதும் நடப்பதே.

ஒரே கடாயில் வடையும் பஜியாவும் பொரிந்த எண்ணெயில் உருளைக்கிழங்குச் சிப்ஸ் பொரித்தால் அதுவும் ஆகாது. நிலக்கடலை ஆகாதவர் மரச்செக்குக் கடலை எண்ணெயை விலக்க வேண்டும். நன்கு சுத்திகரித்த எண்ணெயில் புரதம் மிகக் குறைவு என்றாலும் அதையும் மருத்துவரிடம் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

மும்பையில் ஒரு வசதி உண்டு. ஏகாதசி, சங்கஷ்டி போன்ற விரத நாட்களில் மராத்தி, குஜராத்தி வீடுகளில் தானியமும் பருப்பும் தொடமாட்டார்கள் என்பதால், உபவாசப் பண்டங்களில் ராஜ்கிரா (கீரை விதை), சிங்காடா (நீரில் வளரும் ஒரு காய்), வரி அரிசி, ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு ஆகியவையே பயன்படும். கடலை மாவு ஆகாதவருக்கு இவை நல்ல மாற்று. நிலக்கடலை ஆகாதவருக்கோ இதே பண்டங்கள் மிகவும் ஆபத்தானவை. ஜவ்வரிசிக் கிச்சடியும் சாபுதாணா வடையும் நிலக்கடலைப் பொடி இல்லாமல் அநேகமாகச் செய்யப்படுவதில்லை. ஆகவே முதல் படியில் ‘எந்தப் பருப்பு’ என்று கண்டறியாமல் இந்த வசதியைப் பயன்படுத்த முடியாது.

வீட்டில் மாற்றுச் சமையல் கடினமன்று. பஜ்ஜிக்கு அரிசி மாவும் சோள மாவும். தோசைக்கு உளுந்தில்லாத நீர் தோசை. காலைக்கு இடியாப்பம், புட்டு, பருப்புத் தாளிதம் இல்லாத உப்புமா. குருமாவுக்குத் தேங்காயும் கசகசாவும். அரிசி மாவையும் கடையில் உதிரியாக வாங்காமல் வீட்டில் அரைத்துக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: பள்ளியும் அண்டை வீடும்

பள்ளிக்கு மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு பக்கச் செயல்திட்டத்தை, ஆகாத பொருட்களின் மராத்தி, இந்திப் பெயர்களோடு கொடுக்க வேண்டும். டப்பா பகிர்வதைத் தடுக்க ஆசிரியரின் ஒத்துழைப்பு வேண்டும். தீபாவளியின்போது அண்டை வீட்டார் தரும் ஃபராள் பலகாரங்களை மறுக்க வேண்டியதில்லை. வாங்கிக்கொண்டு குழந்தையின் கைக்கு எட்டாமல் வைத்தால் போதும். தாராவியில் நம்மவர் வீடுகளில் செய்து விற்கும் முறுக்கையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

எட்டாம் படி: அவசர நிலை

உடம்பில் தடிப்போடு மூச்சிரைப்பு, குரல் கம்முதல், தொடர் வாந்தி, தலைசுற்றல், துவண்டுபோதல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் அது அனாஃபிலாக்சிஸ் என்ற உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமை. அதற்கு முதல் மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்புறத் தசையில் ஊசியாக. செட்டிரிசின் போன்ற மாத்திரை அரிப்பைக் குறைக்குமே தவிர, மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் காப்பாற்றாது. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதால் நேரம் வீணாகிறது. தானாகச் செலுத்தும் பேனா வகை ஊசிகள் இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அட்ரினலின் கொண்ட ஆம்பூலையும் (சிறு கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சையும் வைத்து, எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கி, உடைத்து ஏற்றும் முறையை அவர் முன்னிலையிலேயே பழகிக்கொள்ள வேண்டும். வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம், குழந்தைகளுக்கு 0.3, பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் ஒரு முறை போவதில்லை. ஆம்பூலை வெயிலும் வெளிச்சமும் படாமல் வைத்து, காலாவதித் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஊசி போட்டதும் 108 அல்லது 112ஐ அழைக்க வேண்டும். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் உட்காரலாம். எழுந்து நடக்கவோ மாடிப்படி இறங்கவோ விடக் கூடாது. 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாம் ஊசி தேவைப்படும் என்பதால் இரண்டு ஆம்பூல் இருப்பது அவசியம். தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், ஏனெனில் சில மணி நேரம் கழித்து மீண்டும் திரும்புவது உண்டு. சயானிலுள்ள லோக்மான்ய திலக் மருத்துவமனை, பரேலிலுள்ள கேஈஎம் ஆகியவை தாராவி, மாதுங்கா பக்கத்தவர்களுக்கு அருகிலுள்ள பெரிய மாநகராட்சி மருத்துவமனைகள். போக்குவரத்து நெரிசல் நேரத்தில் எது விரைவில் எட்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைக்க வேண்டும்.

உண்டதில் மீந்ததையும் பொட்டலத்தையும் எடுத்துவைத்து மருத்துவரிடம் காட்டினால், காரணத்தைக் கண்டறிவது எளிதாகும். குழந்தைகளுக்கு ஆண்டுக்கொருமுறை மறுபரிசோதனை வேண்டும். நிலக்கடலை ஒவ்வாமை பெரும்பாலும் நீடிக்கும். சுமார் ஐந்தில் ஒரு குழந்தைக்கு மட்டுமே வளரும்போது நீங்குகிறது. மைசூர்ப் பருப்பு போன்றவற்றில் நீங்கும் வாய்ப்பு அதைவிட அதிகம். நீங்கிவிட்டதா என்பதை ஒரு சிட்டிகை கொடுத்து வீட்டிலேயே சோதித்துப் பார்க்காமல், மருத்துவமனையில் ஊசியும் மருத்துவரும் அருகில் இருக்கும்போதே பார்க்க வேண்டும்.